விலையை யார் சொல்வது?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருப்பவர்களிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், டாக்டர்களையும் வக்கீல்களையும் தவிர்த்துப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சொந்தத் தொழிலுங்க." கோழிப்பண்ணை, சேகோ ஆலை, லாரி, ரிக் வண்டி, வெள்ளிப்பட்டறை என்று தொழில் மாறும், அந்தச் 'சொந்தம்' மாறாது. யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை என்கிற பெருமிதம் அதில் இருக்கிறது, நியாயமான பெருமிதம்தான். ஆனால் இந்தத் தொழில்களுக்குள் நுழைந்து, இன்றைய விலையை யார் சொன்னது, நாளைக்கு எத்தனை வண்டி ஓடும் என்பதை யார் முடிவு செய்தது என்று கேட்டுக்கொண்டே போனால் சொந்தக்காரர் பெயர் எங்குமே வராது.

தன்னைத் தானே ஆளாமல் வெளிச்சக்திகளால் ஆளப்படுவதைப் பற்றித் தத்துவவாதிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைச் சேலம், நாமக்கல் சமவெளியின் தொழிலோடும் வரலாற்றோடும் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அதிகாரம் வெளியூரிலிருந்து வருகிறதா உள்ளூரிலிருந்து வருகிறதா என்று பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. முடிவெடுப்பவர் யார், அந்த முடிவு தப்பினால் நட்டப்படுபவர் யார், நட்டப்பட்டவர் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இம்மானுவேல் காண்ட் 1785-ல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் இதற்கு ஒரு கடுமையான கோடு கிழித்தார். மனிதனின் அறிவு தனக்குத் தானே விதித்துக்கொண்ட நெறிப்படி நடப்பது தன்னாட்சி, மற்றதெல்லாம் பிறராட்சி. அந்த 'மற்றதெல்லாம்' என்பதில் அரசனும் பாதிரியாரும் மட்டும் இல்லை, பரிசுக்கான ஆசையும் தண்டனைக்கான பயமும், ஏன், நம் சொந்த விருப்பு வெறுப்புகளும் அடக்கம். தமிழ் மண்ணின் சமய மரபு இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. சைவ சித்தாந்தத்தில் உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. தனித்து நிற்கும் இயல்பு அதற்கு இல்லை, எதைச் சார்கிறதோ அதுவாகிறது. ஸ்ரீவைஷ்ணவத்தில், குறிப்பாகப் பிள்ளை லோகாசாரியர் வழியில், இறைவனுக்கு வசப்பட்டிருக்கும் பாரதந்திரியம் ஆன்மாவுக்கு இழுக்கே இல்லை. அதன் சொரூபமே அதுதான். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதா, பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போவதா என்று வடகலையும் தென்கலையும் காலங்காலமாக வழக்காடியது உயிருக்கு எவ்வளவு சுயமுயற்சியை விட்டுவைப்பது என்பதைப் பற்றித்தான். காண்ட் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் சரணடைகிறவர் யாரிடம் சரணடைகிறோம் என்று தெரிந்தே சரணடைகிறார். அந்தத் தெளிவு முட்டை வியாபாரத்தில் கிடைப்பதில்லை.

இன்னொருவரையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கிரேக்கத்தில் வளர்ந்து பாரிஸில் வாழ்ந்த கொர்னேலியஸ் கஸ்டோரியாடிஸ், பெரும்பாலான சமூகங்கள் தாங்களே ஏற்படுத்திய விதிகளைத் தாங்கள் ஏற்படுத்தியவை என்று ஒப்புக்கொள்வதில்லை என்றார். கடவுள் விதித்தது, முன்னோர் வைத்தது, இயற்கையின் நியதி என்று வெளியே தள்ளிவிடுகின்றன. நம்மூர்ப் பேச்சில் அந்த இடத்தில் 'மார்க்கெட் நிலவரம்' உட்கார்ந்திருக்கிறது. மழை வரும் வராது என்று சொல்கிற அதே குரலில் விலை ஏறும் இறங்கும் என்கிறோம்.

முட்டையையே எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மண்டலத்தில் நாளொன்றுக்குச் சில கோடி முட்டைகள் உற்பத்தியாகின்றன. குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தொடங்க நான்கரை, ஐந்து மாதமாகும். அதற்குப் பின் ஓராண்டுக்கு மேல் நாள் தவறாமல் இடும். விலை சரியில்லை என்று கோழியை நிறுத்திவைக்க முடியாது. முட்டையையும் நெல்லைப் போலப் பத்தாயத்தில் போட்டுப் பூட்டிவைக்க முடியாது. பண்ணையாளரின் பேரம் பேசும் பலம் இங்கேயே பாதி போய்விடுகிறது. ஒரு காலத்தில் வெளியூர் வியாபாரிகள் சொன்னதே விலை என்று இருந்தது. அதை உடைக்கத்தான் 1982-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த பி.வி.ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை (என்.இ.சி.சி.) உருவாக்கினார். 'என் முட்டை, என் விலை, என் வாழ்வு' என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். காண்ட் சொன்ன தன்னாட்சியைக் கோழிப்பண்ணைக்காரர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

முழக்கத்தில் பாதி நிறைவேறியது. இன்று என்.இ.சி.சி. அறிவிக்கும் விலை காலையில் செல்போனுக்கு வருகிறது, மறுநாள் நாளிதழிலும் அச்சாகிறது. சொல்கிறவர்கள் உற்பத்தியாளர்களே. ஆனால் பண்ணை வாசலுக்கு லாரி வந்ததும் 'மைனஸ்' என்று ஒரு பேச்சு எழும். அறிவித்த விலையில் இத்தனை பைசா குறைத்துத்தான் எடுப்போம் என்பார் வியாபாரி. முட்டை தேங்கிக் கிடக்கும் நாளில் மைனஸ் கூடும், தட்டுப்பாட்டில் காணாமல் போகும். ஆக, காகிதத்தில் ஒரு விலை, வாசலில் ஒரு விலை. மைனஸ் இல்லாத விலை என்று பண்ணையாளர் தரப்பு அறிவித்துப் பார்ப்பதும், கொஞ்ச நாளில் அது பழையபடி தலைகாட்டுவதும் இந்தத் தொழிலில் புதிதில்லை.

விலைக்கு மேலே இருக்கும் சக்திகள் இன்னும் தூரமானவை. புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சியை விடும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். வடக்கே குளிர் கூடினால் கேட்பு கூடும். இவையாவது நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல் கோழிக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் நாமக்கல் முட்டையின் விலை படுத்துவிட்டது. தீவனச் செலவு மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும்; அதில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்று டெல்லி முடிவு செய்ததும், கரும்பிலிருந்து எடுப்பதற்கு 2023 டிசம்பரில் கட்டுப்பாடு வந்ததும், வடிசாலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. கோழியும் காரும் ஒரே தானியத்துக்குப் போட்டியிட்டன. இந்த முடிவு எதிலும் நாமக்கல் பண்ணையாளரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்றாலும் முட்டைக்காரருக்குக் கோழியாவது சொந்தம். கறிக்கோழியில் அதுவும் இல்லை. ஒருங்கிணைப்பு முறை என்று சொல்லப்படும் ஒப்பந்த வளர்ப்பில் ஒரு நாள் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி தருவது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தேங்காய்நார்த் தூள், இராத்திரி பகல் காவல், வங்கிக் கடன் ஆகியவை விவசாயியுடையவை. கொட்டகைத் தூணில் ஓர் அட்டை தொங்கும். இன்று எத்தனை செத்தது, எத்தனை மூட்டை தீவனம் போனது, சராசரி எடை எவ்வளவு என்று அதில் குறிப்பார்கள். கம்பெனியின் சூப்பர்வைசர் பைக்கில் வந்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, நாலைந்து கோழியைப் பிடித்து எடை போட்டு, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஐந்து, ஆறு வாரத்தில் லாரி வரும். வரும் நாளையும் கம்பெனிதான் சொல்லும். அது நான்கு நாள் தள்ளிப்போனால் கோழி தீவனத்தைத் தின்றுகொண்டே இருக்கும். எடைக்கு ஏற்பத் தீவனம் எவ்வளவு செலவானது என்கிற விகிதம் கெடும். அந்த விகிதத்தை வைத்துத்தான் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கணக்கிடப்படும். தாமதம் கம்பெனியுடையது, கூலி குறைவது விவசாயிக்கு.

"ஷெட்டு நம்முளுதுங்க, கோழி கம்பெனியோடதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சந்தையில் கறிக்கோழி விலை பாதாளத்துக்குப் போகும்போது அந்த அடி கம்பெனிக்கு; வளர்த்தவருக்குக் கூலி வந்துவிடும் என்பது உண்மைதான். இந்த ஒரு பாதுகாப்புக்காகவே பலர் இதில் இருக்கிறார்கள், அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் செத்த கோழியின் கணக்கும், சரியில்லாத குஞ்சின் கணக்கும் எந்தப் பக்கம் எழுதப்படுகின்றன என்று அந்த அட்டையைப் பார்த்தாலே தெரியும். கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. இவர் வேலை பார்ப்பவர் இல்லை, முதலாளி என்று பெயர். முதலாளிக்குரிய முடிவு எதையும் எடுக்க முடியாத, தொழிலாளிக்குரிய பாதுகாப்பு எதையும் கேட்க முடியாத இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் இக்காலத்துப் பிறராட்சியின் அச்சு அசல் வடிவம். கட்டளை கிடையாது, காவலாளி கிடையாது, கையெழுத்துப் போட்டதும் அவரேதான்.

மரவள்ளியிலும் இதே கதை, சற்று எளிய வடிவில். இரண்டாம் உலகப்போரில் கப்பல் வரத்து நின்றபோது மலேயா ஜவ்வரிசிக்கு மாற்றாகச் சேலத்தில் பிறந்த தொழில் அது. ஆத்தூர், இராசிபுரம் பக்கத்துக் கிழங்கை வாங்கும்போது ஆலையில் மாவுச்சத்தின் அளவைப் பார்த்து 'பாயிண்ட்' போடுவார்கள். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. அளவு பார்க்கும் கருவி வாங்குகிறவரிடம்தான் இருக்கிறது. ஆலைக்காரர்களோ இடைத்தரகர் பிடியிலிருந்து தப்பிக்க 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். கிழங்கு விவசாயிக்கு அப்படி ஒன்று அமையவில்லை. லாரித் தொழிலில் டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் இன்ஷூரன்ஸ் தொகையும் வெளியிலிருந்து வருவது தெரிந்ததே. ஆனால் நாமக்கல்லில் கேஸ் டேங்கர் லாரி உரிமையாளர்கள் ஒன்றாகச் சேர்ந்து 2025 மார்ச் இறுதியில் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து வண்டியை நிறுத்தியபோது தென்மாநிலங்கள் முழுக்க அது உறைத்தது. ஒரு தொழில் ஓர் ஊரில் குவிந்திருப்பதற்கும் பலன் உண்டு.

இந்தச் சமவெளியின் உறைவிடப் பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளி' என்று அழைப்பது தமிழ்நாடு முழுக்கப் பழகிப்போன கேலி. கேலிக்குள் துல்லியமான கவனிப்பு இருக்கிறது: குறித்த நாளில் குறித்த எடை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திய பள்ளிகள் இருந்தன. அரசு 2018-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2017-ல் நீட் வந்ததும் அதே கட்டடங்களில் பலகை மாறியது, அவ்வளவே. மாநிலத்தின் உரிமை பறிபோனது என்று நாம் வாதாடுகிறோம், வாதாட வேண்டும்தான். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய விலக்கு மசோதாவுக்கும் டெல்லியில் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆனால் அதிகாலையில் எழுப்பி உட்காரவைக்கப்படும் பதினாறு வயதுப் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால், சென்னை வைத்த தேர்வுக்கும் டெல்லி வைத்த தேர்வுக்கும் இடையே தன்னாட்சி எதுவும் தட்டுப்படவில்லை.

அரசு என்ற வெளிச்சக்திக்கு வருவோம். மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. 1934-ல் முடிந்தது, 120 அடி, 93.47 டி.எம்.சி. நீர் குறையும் கோடையில் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரியும். மூழ்கிய ஊர்கள் இந்தப் பக்கத்தவை. நீர் போவதோ பெரும்பாலும் டெல்டாவுக்கு. ஜூன் 12-ல் மதகைத் திறக்க முடியுமா என்பது கர்நாடகத்தில் பெய்யும் மழையையும், மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் வந்துசேர வேண்டிய காவிரி நீரின் அளவை 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் வரையறுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் பொறுத்தது. இதில் வெளிச்சக்தி தீமை என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. இரண்டு மாநிலங்களும் தத்தம் தன்னாட்சியையே பேசிக்கொண்டிருந்தால் கீழ்ப்பாசனக்காரருக்குச் சொட்டு நீரும் மிஞ்சாது. காவிரித் தீர்ப்பாயமும் ஆணையமும் வெளியே நிற்பதால்தான் அவற்றுக்குப் பயன்.

சென்னை-சேலம் எட்டு வழிச்சாலை வேறு வகை. 2018-ல் அறிவிக்கப்பட்ட 277 கிலோமீட்டர்ச் சாலை அரியானூரில் வந்து முடிய வேண்டும். ஒரு நாள் வயலுக்குள் அளவைக்காரர்கள் வந்து எல்லைக்கல் நட்டார்கள். பல இடங்களில் நிலத்துக்காரர்கள் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கிற 2013 நில எடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் தேசிய நெடுஞ்சாலைக்குப் பொருந்தா. அதாவது, அந்த மதிப்பீட்டின்போது ஊர் மக்களிடம் கருத்துக் கேட்பதிலிருந்து சட்டம் விலக்கு கொடுத்திருந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை விலக்கியது. ஆதரவோ எதிர்ப்போ, தென்னந்தோப்பின் நடுவில் ஒரு கல்லைப் பார்த்துத்தான் ஒருவர் தன் நிலத்தின் வருங்காலத்தைத் தெரிந்துகொண்டார் என்பதை மறக்க முடியாது.

நல்லது செய்ய வரும் வெளிச்சக்தி என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சமவெளியைவிடச் சிறந்த சான்று எங்கும் இல்லை என்பேன். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, கூடவே மதுவிலக்குப் பிரசாரம். 1929-ல் 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார், கல்கி உடனிருந்தார். அது கதையும் படமும் போட்டு, குடிக்கிறவரே நினைத்து விட வேண்டும் என்ற பாதை. 1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. நாட்டிலேயே அது முன்னோடி முயற்சி. பல ஆண்டுப் பிரசாரத்தின் இடத்தில் போலீஸ்காரர் வந்து நின்றார். கள், சாராய வருவாய் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு பின்னால் போய்விட்டது, வரி நிலைத்துவிட்டது.

பயந்து குடிக்காதவர் ஒழுக்கமுள்ளவர் ஆகமாட்டார் என்பார் காண்ட். குடிகாரரின் மனைவியைக் கேட்டால் ஒழுக்கம் இருக்கட்டும், கூலி வீடு வந்து சேர்கிறதா என்று கேட்பார். எனக்கு அவர் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அதே அரசு 2003-லிருந்து டாஸ்மாக் கடைகளில் தானே சில்லறை விற்பனையும் செய்கிறது. தடுத்த கையும் ஊற்றுகிற கையும் ஒன்றாக இருக்கும்போது, குடிக்கிறவரின் சுதந்திரம் என்று அதற்கு நியாயம் சொல்வது கேலிக்கூத்து.

'சுயமரியாதை' என்ற சொல்லை அரசியலாக்கிய இயக்கத்தின் ஒரு திருப்பமும் சேலத்தில்தான் நடந்தது. 1944 ஆகஸ்ட் 27-ல் இங்கே கூடிய நீதிக்கட்சி மாநாட்டில், பிரிட்டிஷார் தந்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரை தீர்மானம் நிறைவேறியது. கட்சி திராவிடர் கழகம் ஆனது. ராவ்பகதூர்களும் திவான்பகதூர்களும் முன்வரிசையில் இருந்த கட்சிக்கு அது கசப்பு மருந்து. பட்டம் என்பது பிறர் கையில் இருக்கும் நம் மதிப்பு என்பதைப் பெரியார் தரப்பு சரியாகவே பிடித்தது.

உள்ளூர் ஆட்சியைப் போற்றுகிறவர்களுக்குச் சில சங்கடங்கள் உண்டு. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில். பெண் சிசுவைக் கொல்வதைத் தடுக்க அரசு தொட்டில் வைத்தது. குடும்பத்தின் உள்விவகாரத்தில் அரசு தலையிட்டதா என்றால், ஆமாம், தலையிட்டது. அந்தக் குடும்பத்துக்குள் பிள்ளை பெற்றவளின் சொல் எவ்வளவு எடுபட்டது என்பதையும் கேட்க வேண்டும். மாமியார், கணவன், வரதட்சணைக் கணக்கு எல்லாம் கூடி எடுத்த முடிவைக் 'குடும்பத்தின் முடிவு' என்று சொல்லும்போது, அவளைப் பொறுத்தவரை அதுவே வெளிச்சக்தி.

எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்ததும் அப்படித்தான். 2010-ல் வெளியான 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் போராட்டம் கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைப் பகுதிகளை நீக்குதல், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுதல் என்று எழுதி வாங்கப்பட்டது. பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். எதிர்த்தவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, அவருடைய ஊர்க்காரர்கள். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தையின் உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவரது எழுத்தைப் பறித்தது ஊர், திருப்பிக் கொடுத்தது இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நீதிமன்றம். கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்பது அங்கே வாதமாக எடுபடவில்லை.

கறிக்கோழி ஒப்பந்தத்திலும் கேட்க வேண்டியது அதே கேள்விதான். கையெழுத்து இருக்கிறது, அதைப் போட்டவருக்கு வேறு வழி இருந்ததா? 2019-ல் தமிழ்நாடு அரசு வேளாண் விளைபொருட்களோடு கால்நடைகளையும் சேர்த்து ஒப்பந்தப் பண்ணையத்துக்கு ஒரு சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கும் தகராறு வந்தால் போய் நிற்பதற்கும் அதில் வழி இருக்கிறது. வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கேட்டு விவசாயிகள் போராடும்போதெல்லாம் பேச்சு ரூபாயிலேயே தொடங்கி ரூபாயிலேயே முடிகிறது. லாரி தாமதமானால் தின்ற தீவனம் யார் கணக்கில், மோசமான குஞ்சு வந்தால் செத்தது யார் கணக்கில், ஒப்பந்தத்தின் தமிழ் நகல் கொட்டகைக்காரர் கையில் இருக்கிறதா என்ற மூன்றையும் கூலிக்கு முன்னால் பேச வேண்டும். முட்டைக்காரர்கள் 1982-ல் விலையைச் சொல்லும் இடத்தைக் கேட்டு வாங்கினார்கள், மைனஸ் வந்து கடித்தாலும் அந்த நாற்காலியை அவர்கள் விடவில்லை. கறிக்கோழி வளர்ப்பவருக்கு அந்த மேசையில் இன்னும் நாற்காலி போடவில்லை.